விடை தெரிந்த கணக்கு: விரல் தட்டிக் கற்றுக்கொள்ளும் ஒளிவழி மூளை ஆய்வு

இருட்டு அறையில் மொபைல் டார்ச்சை எரியவிட்டு, அதன்மேல் ஆள்காட்டி விரலை அழுத்தி வையுங்கள். விரல் நுனி செக்கச்செவேல் என்று ஒளிரும். டார்ச்சின் வெள்ளை ஒளியில் இருக்கும் நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் சதையைக் கடந்து மறுபக்கம் வருகிறது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக்குப் போனால் ஒளி இன்னும் தாராளமாக உள்ளே போகும். தோலையும் மண்டையோட்டையும் கடந்து, மூளையின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டு, அதில் ஒரு துளி வெளியே திரும்பி வரும். அந்தத் துளி ஒளியை அளந்து மூளையின் வேலையைப் படிக்கும் முறைக்கு ஆய்வகங்களில் எஃப்நிர்ஸ் என்று பெயர்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கேள்வியோடு வருகிறார்கள். பதற்றம், கவனம், மொழி, குழந்தைகள் கற்கும் விதம். எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனாலும் முதல் சில மாதங்களுக்கு அவற்றை ஓரமாக வைத்துவிட்டு விரலைத் தட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வலது கை விரல்களை அசைத்தால் மூளையின் இடது பக்கத்தில், இன்ன இடத்தில், இத்தனை விநாடிக்குள், இந்த வடிவத்தில் ரத்த ஓட்டம் மாறும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். விடை தெரிந்த கணக்கு அது. விடை வரவில்லை என்றால் வழியில் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. தேடிப் பிடித்துத் திருத்தலாம். பதற்றத்தை அளக்கப் போய் ஒன்றும் வராவிட்டால் எதைச் சந்தேகிப்பது? கருவியையா, கேள்வியையா, நம் கைப்பழக்கத்தையா? மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைக் காந்தத்தின் உதவியால் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ அறிமுகமான 1992-இல் அதைச் சோதித்துப் பார்த்தவர்களில் சிலரும் கை அசைவைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

எதை அளக்கிறோம்?

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டர் நினைவிருக்கும். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ ஆவோயாகி 1970-களில் கண்டறிந்த கொள்கையில் இயங்குவது அது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் ஒளியை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. இரண்டு அலைநீளங்களில் அளந்தால் இரண்டையும் பிரித்துக் கணக்கிடலாம். எஃப்நிர்ஸும் அதே குடும்பம்தான். பல கருவிகளில் 760, 850 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளங்கள் இருக்கும். 800-ஐ ஒட்டி இரண்டு ஹீமோகுளோபின்களும் சமமாக உறிஞ்சுகின்றன. அதற்குக் கீழே ஆக்சிஜன் இறக்கியது கூடுதலாக உறிஞ்சும், மேலே ஆக்சிஜன் சுமப்பது கூடுதலாக உறிஞ்சும். அதனால்தான் பக்கத்துக்கு ஒன்றாக எடுத்திருக்கிறார்கள். இனி இந்த இரண்டையும் ஆய்வகப் பேச்சில் சொல்வதுபோல ஆக்சி, டீஆக்சி என்றே சொல்கிறேன்.

ஏன் இந்தப் பகுதி? 650 நானோமீட்டருக்குக் கீழே போனால் ரத்தம் ஒளியை விழுங்கும், 950-ஐத் தாண்டினால் தண்ணீர் விழுங்கும். நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த ஜன்னல் வழியாக உயிருள்ள மூளையின் ஆக்சிஜன் நிலையை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்று 1977-இல் 'சயின்ஸ்' இதழில் காட்டியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ். 1990-களின் தொடக்கத்தில் வெவ்வேறு குழுக்கள் இதை வைத்து மூளையின் செயல்பாட்டையே பதிவு செய்யத் தொடங்கின.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் ஆக்சிஜன் செலவாகும், ஆகவே அங்கே ஆக்சி குறையும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. வேலை தொடங்கியதும் அந்த இடத்துக்கு ரத்தம் செலவை மிஞ்சும் அளவுக்குப் பாய்கிறது. ஆக்சி ஏறுகிறது, டீஆக்சி அடித்துச் செல்லப்பட்டு இறங்குகிறது. ஒன்று ஏற, ஒன்று இறங்க வேண்டும். இந்த ஜோடி அசைவுதான் நாம் தேடும் கையெழுத்து, அதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இது நிதானமாக நடக்கும். நரம்பணுக்கள் மில்லி விநாடிகளில் பேசிக்கொண்டாலும், ரத்தம் உச்சத்தை எட்ட 5, 6 விநாடி ஆகும்.

அளப்பதற்குத் தலையில் மாட்டும் தொப்பியில் ஒளி விடும் முனையைச் சோர்ஸ் என்றும், வாங்கும் முனையை டிடெக்டர் என்றும் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால் ஒரு சேனல். பெரியவர்களுக்கு இடைவெளி சுமார் 3 சென்டிமீட்டர். ஒளி உள்ளே வாழைப்பழம்போல வளைந்து போய் வரும். இடைவெளியில் ஏறத்தாழப் பாதி அளவுக்குத்தான் ஆழம். ஆழமான பகுதிகளை இந்த முறையால் பார்க்க முடியாது. இடைவெளியை 8 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் ஒளி மூளையைத் தொடாமல் தோலோடு திரும்பிவிடும். இதைக் குறுஞ்சேனல் என்பார்கள். மூளையைத் தொடாத சேனல் எதற்கு என்று இப்போது தோன்றும். பின்னால் நம் மானத்தைக் காப்பாற்றப் போவது அதுதான்.

கருவி இல்லாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்

எஃப்நிர்ஸ் கருவி விலை அதிகம், எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பைத்தான் என்ற கணினி மொழியில் இயங்கும் எம்என்இ என்ற இலவச மென்பொருளோடு விரல் தட்டல் பதிவு ஒன்று மாதிரித் தரவாகவே கிடைக்கிறது. அதில் ஒருவர் இடது கட்டை விரலை மற்ற விரல்களில் தட்டுகிறார், வலது கையால் அதையே செய்கிறார், சில நேரம் ஒன்றுமே செய்வதில்லை. ஒவ்வொரு தட்டலும் 5 விநாடி. ஒவ்வொரு வகையிலும் 30 முறை. கூடவே வரும் பயிற்சிப் பக்கத்தை வரிவரியாக ஓட்டிப் பாருங்கள். மேட்லாப் என்ற கணக்கிடும் மென்பொருளில் பழகியவர்கள் அதில் இயங்கும் ஹோமர்3 பக்கம் போகலாம். இரண்டும் ஸ்னிர்ஃப் என்ற பொதுவான கோப்பு வடிவத்தைப் படிக்கும்.

ஒரு வேண்டுகோள். முதல் தடவை கட்டளைகளை அப்படியே ஓட்டுங்கள். இரண்டாம் தடவை ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, இந்த எண்ணை மாற்றினால் படம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஒன்றுமே செய்யாத அந்த மூன்றாவது வகையையும் விடாதீர்கள். அதிலும் ஆக்சிக் கோடு ஏறி இறங்கி அழகான மேடு ஒன்று எழுந்தால் கணக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

தலையில் இடம் பிடித்தல்

சொந்தமாகப் பதிவு எடுக்க வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தலையில் தொப்பியை வைக்கும் முன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும், பங்கேற்பவரின் எழுத்து வழிச் சம்மதமும் வேண்டும். ஒளி ஆபத்தில்லாத அளவுதான், ஊசி கிடையாது, கதிர்வீச்சு அபாயம் கிடையாது. இருந்தாலும் ஒரு மனிதரின் உடலிலிருந்து தரவு எடுக்கிறோம். சம்மதப் படிவத்தை அவர் பேசும் மொழியில் உட்கார்ந்து விளக்குங்கள்.

கையை இயக்கும் பகுதி, மூளையை முன்பின்னாகப் பிரிக்கும் நடுப்பள்ளத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. உடலின் எந்த உறுப்புக்கு மூளையில் எந்த இடம் என்று பென்ஃபீல்டும் போல்ட்ரியும் 1937-இலேயே வரைந்து காட்டினார்கள். கைக்கு அதில் மிகப் பெரிய பங்கு. மண்டையின் வெளியே நமக்கு அடையாளம், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஇஜி காரர்கள் தலையில் இடம் குறிக்கப் பயன்படுத்தும் 10-20 முறையில் வரும் சி3, சி4 புள்ளிகள். சி3 இடப்பக்கம், சி4 வலப்பக்கம்.

தையல்காரர் வைத்திருப்பதுபோன்ற டேப் ஒன்று போதும். இரு புருவங்களுக்குக் கீழே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து உச்சி வழியாகப் பின்மண்டையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முடிச்சு வரை அளங்கள். 36 சென்டிமீட்டர் வந்தால் 18-இல் ஒரு கோடு. அப்புறம் ஒரு காதுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்திலிருந்து உச்சி வழியாக மறுகாதுப் பள்ளம் வரை அளந்து அதற்கும் பாதியில் ஒரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் உச்சிப் புள்ளி, சிஸட். அங்கிருந்து காதை நோக்கி, காதுக்குக் காது அளந்த நீளத்தில் 20 சதவீதம் இறங்கினால் சி3. காதுக்குக் காது 36 என்றால் 7.2 சென்டிமீட்டர். தொப்பியிலேயே எல்லாம் குறித்திருக்கிறதே என்று அளவைத் தவிர்க்காதீர்கள். தொப்பி ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், கைப்பகுதி சேனலுக்கு வெளியே போய்விடும்.

சி3-ஐயும் சி4-ஐயும் சுற்றிச் சில சோர்ஸ், சில டிடெக்டர் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். இரண்டு பக்கமும் வைப்பது கட்டாயம். ஒரு பக்கம் மட்டும் அளந்தால், வந்த மேடு கைக்கு உரியதா, உடல் முழுக்கப் பரவிய ரத்த ஓட்ட மாற்றமா என்று பிரிக்க வழியில்லை.

தட்டுவதற்கு ஒரு தாளம்

என்ன செய்யச் சொல்வது? கட்டை விரல் நுனியால் ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு விரல் நுனிகளை வரிசையாகத் தொட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். விநாடிக்கு இரண்டு தொடுதல் வசதியான வேகம். வெறுமனே கையை மூடித் திறப்பதைவிட இது நல்லது. முழங்கையும் தோளும் கூடவே ஆடுவது குறையும்.

10 விநாடி தட்டல், பிறகு 20 முதல் 30 விநாடி ஓய்வு. கைக்கு 10 முறை. சராசரி ஓய்வு 25 விநாடி என்றால் ஒரு சுற்று 35 விநாடி. 20 சுற்றுக்கு 700 விநாடி, அதாவது பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் ஒரு நிமிடம் சும்மா உட்காரவைத்தால் மொத்தம் 13 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் ஆள் சலித்துப்போய்த் தூங்கத் தொடங்குவார்.

ஓய்வு ஒவ்வொரு முறையும் ஒரே நீளமாக இருக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ரத்த அழுத்தத்தில் இயல்பாகவே சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை ஒரு மெல்லிய அலை எழுந்து அடங்கும். மேயர் அலை என்று பெயர். நம் தட்டலும் ஓய்வும் அச்சுப்பிசகாமல் மாறி மாறி வந்தால், அந்த அலை தட்டலோடு கைகோத்துக்கொண்டு மூளையின் பதில்போலவே வேஷம் போடும். ஓய்வு நீளம் முன்பின்னாக இருந்தால் சராசரியில் அலை கரைந்துவிடும். அடுத்தது எப்போது என்று பங்கேற்பவர் முன்கூட்டியே ஊகித்துத் தயாராவதும் குறையும்.

வேகத்தைக் காக்க, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஒலி வைக்கலாம். ஆனால் தட்டும்போது மட்டும் ஒலித்து, ஓய்வில் நின்றுவிட்டால், நாம் அளப்பது கையையும் காதையும் சேர்த்துத்தான். ஒலி முழு நேரமும் ஓடட்டும். இல்லையென்றால் பதிவுக்கு முன் ஒலியோடு பழகவிட்டு, பதிவின்போது திரையில் வரும் 'வலது', 'இடது', 'நிறுத்து' குறிகள் மட்டும் போதும்.

பங்கேற்பவரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, எல்லாரிடமும் ஒரே மாதிரி வாசியுங்கள். கையைத் தலையணைமேல் வையுங்கள். பற்களைக் கடிக்காதீர்கள், கடித்தால் நெற்றிப்பொட்டுத் தசை புடைத்துத் தொப்பியை நகர்த்தும். மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளை முழுக்க ரத்த ஓட்டம் மாறும். தாளத்துக்குத் தலையாட்டாதீர்கள். மனதுக்குள் எண்ணாதீர்கள். ஓய்வில் திரையிலிருக்கும் கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு விரல்களைத் தளர்த்தி வையுங்கள். பிறகு இரண்டு மூன்று சுற்று ஒத்திகை. வலக்கைப் பழக்கமா, இடக்கைப் பழக்கமா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஓல்ட்ஃபீல்டு 1971-இல் வெளியிட்ட எடின்பரோ கேள்வித்தாள் இதற்கென்றே இருக்கிறது.

முடி

எந்தப் பாடத்திலும் இரண்டு வரியில் கடந்துபோகும் விஷயம் இது. ஆனால் பதிவு நன்றாக வருவதும் கெடுவதும் பாதிக்கு மேல் இங்கேதான். கறுத்த, அடர்த்தியான முடி அண்மை அகச்சிவப்பு ஒளியை நன்றாகவே உறிஞ்சும். வெளிர் முடிக்காரரிடம் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை நம் ஊர்த் தலையில் அரை மணி நேரம் எடுக்கும். அவசரப்பட்டால், சிக்னல் சரியில்லை என்று அந்த ஆளையே கணக்கிலிருந்து நீக்கிவிடத் தோன்றும். அடர்த்தியான முடி உள்ளவர்களை இப்படி நீக்கிக்கொண்டே போனால், மனித மூளை என்று நாம் எழுதுவது உலகில் ஒரு பகுதி மனிதர்களின் மூளையாக மட்டுமே இருக்கும். முடியை விலக்கக் கற்றுக்கொள்வது நம்மைப் பொறுத்தவரை தொழில்நுட்பம் மட்டுமில்லை, நியாயமும்கூட.

முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், முடி நன்றாகக் காய்ந்த பிறகு வரட்டும். எண்ணெய் வைத்த முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். கொண்டையோ பின்னலோ தொப்பிக்கடியில் வராத மாதிரி கழுத்துப் பக்கம் தாழ்வாகக் கட்டச் சொல்லுங்கள்.

தொப்பியை மாட்டிய பிறகு ஒவ்வொரு முனையையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியின் பின்முனை, மழுங்கிய பிளாஸ்டிக் குச்சி, எது கைக்கு வாகோ அதை எடுத்து, முடியை நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் தள்ளுங்கள். தலைக்கு வகிடு எடுப்போமே, அதை ஒரு நாலணாக் காசு அகலத்துக்குச் சுருக்கிக்கொண்டதுபோல. வெளிறிய தோல் ஒரு பொட்டாகத் தெரிய வேண்டும். விலக்கிய முடி திரும்பி வருவதற்குள் முனையை நேராக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் போகிற வழியில் நாலு முடியை வாரிக்கொண்டு போகும். முடி பிடிவாதமாக இருந்தால் ஒரு துளி ஜெல் அதைப் படுக்கவைக்கும். வலிக்கிறதா என்று நடுநடுவே கேளுங்கள். அரை மணி நேரம் கழித்து வலி பொறுக்காமல் தலையை அசைப்பவரைவிட, முதலிலேயே சொல்லி ஒரு முனையைத் தளர்த்திக்கொண்டவர் நல்ல தரவு தருவார்.

எல்லாம் முடிந்ததும் தொப்பியின்மேல் கறுப்புத் துணி அல்லது அதற்கென்று வரும் மேலுறை ஒன்றைப் போட்டு, அறை விளக்கைக் குறையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

பதிவு தொடங்கும் முன் ஒரு நிமிடம்

திரையில் ஓடும் கோடுகளைப் பாருங்கள். நல்ல சேனலில் இதயத் துடிப்பு கண்ணுக்கே தெரியும்: விநாடிக்கு ஏறத்தாழ ஒன்று வீதம், ரம்பப் பல் மாதிரி சின்னச் சின்ன முனைகள். அது தெரிந்தால் ஒளி ரத்தத்தைத் தொட்டுத் திரும்புகிறது என்று நம்பலாம். தெரியவில்லை, கோடு தட்டையாகவோ கொசகொசவென்றோ ஓடுகிறது என்றால், அந்த முனைக்கு மறுபடி போய் முடியை விலக்குங்கள். இந்த ஒரு நிமிடப் பொறுமை பின்னால் பல நாள் கணக்கு வேலையை மிச்சம் பிடிக்கும்.

அடுத்து, இடதும் வலதும் சரிதானா என்று பாருங்கள். நான் பழகத் தொடங்கிய காலத்தில் ஒரு பதிவில் வலது கையைத் தட்டினால் வலது மூளை ஒளிர்ந்தது. ஒரு வாரம் கணக்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன். புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோமோ என்றுகூட ஒரு ராத்திரி தோன்றியது. கடைசியில் இரண்டு கேபிள் கட்டுகளை இடம் மாற்றிச் செருகியிருந்தேன். கேள்வி விரல் தட்டலாக இருந்ததால்தான் அகப்பட்டது. மொழியையோ உணர்ச்சியையோ பற்றிய ஆய்வாக இருந்திருந்தால் அந்தத் தலைகீழ் விடையை நம்பியிருப்பேன். அன்றிலிருந்து, பதிவுக்கு முன் சி3 பக்கத்து டிடெக்டர் ஒன்றை விரலால் மெல்லத் தட்டி, திரையில் எந்தக் கோடு துள்ளுகிறது என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

பதிவின்போது கையில் நோட்டு இருக்கட்டும். 'நாலாவது சுற்றில் தும்மினார்', 'ஏழாவதில் இடதுக்குப் பதில் வலதைத் தட்டினார்' என்று நேரத்தோடு எழுதுங்கள். முடிந்தால் கைகளை மட்டும் வீடியோ எடுங்கள். திரைக் குறியும் கருவியின் பதிவும் ஒரே கடிகாரத்தில் இணைந்திருக்கின்றனவா என்று ஒத்திகையிலேயே சரிபாருங்கள். எந்த நொடியில் எந்தக் குறி வந்தது என்று கருவியில் பதியும் அடையாளத்துக்கு ட்ரிகர் என்று பெயர். ட்ரிகர் இல்லாத பதிவு, தேதி இல்லாத கடிதம் மாதிரி.

கணக்கு

வரிசை இது: திரும்பி வந்த ஒளியின் அளவை ஒளியடர்த்தி (வழியில் எவ்வளவு ஒளி குறைந்தது என்பதன் அளவு) மாற்றமாக்குவது, கெட்ட சேனல்களை நீக்குவது, தலை அசைவால் வந்த துள்ளல்களைத் திருத்துவது, ஒளியடர்த்தியை ஆக்சி, டீஆக்சி மாற்றமாக்குவது, வேண்டாத அலைகளை நீக்க ஃபில்டர் போடுவது, தட்டிய நேரங்களை வெட்டி எடுத்துச் சராசரி பார்ப்பது. மென்பொருளில் ஒவ்வொன்றும் ஒரு வரி. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு முடிவு இருக்கிறது.

சேனலை நீக்கப் பரவலாகப் பயன்படும் அளவுகோல், இரண்டு அலைநீளங்களிலும் இதயத் துடிப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது. ஒத்துப்போனால் முனை தோலோடு நன்றாகப் பொருந்தியிருக்கிறது. எம்என்இ பயிற்சியில் இந்த மதிப்பு 0.5-க்குக் கீழே இருக்கும் சேனல்களை விட்டுவிடுகிறார்கள். இதைவிடக் கறாரானவர்களும் உண்டு. எந்த எண்ணை எடுத்தாலும் சரி, முடிவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். படம் பிடிக்காததால் எண்ணை நகர்த்தத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை.

ஒளியடர்த்தியை ஹீமோகுளோபினாக்கும் இடத்தில், உறிஞ்சப்பட்ட ஒளியிலிருந்து பொருளின் அளவைக் கணக்கிடும் பியர்-லாம்பர்ட் விதியின் திருத்திய வடிவம் வருகிறது. லண்டனில் டெல்பியும் அவருடைய குழுவினரும் 1988-இல் தந்தது. ஒளி நேர்கோட்டில் போகாமல் சிதறிச் சிதறிப் போவதால், 3 சென்டிமீட்டர் இடைவெளிக்கு உண்மையில் அதைப் போலப் பல மடங்கு தூரம் நடக்கிறது. பெரியவர்களின் தலைக்கு அந்த மடங்கு 6-ஐ ஒட்டி என்று எடுத்துக்கொள்வார்கள். இது ஊக மதிப்பு, ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒருவரின் மேடு இன்னொருவருடையதைவிட உயரம் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒரே ஆளின் இடது வலதையும், மேட்டின் வடிவத்தையும் ஒப்பிடுவதுதான் நம்பகமானது.

ஃபில்டரில் பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். சிக்னலில் இதயம் 1 ஹெர்ட்ஸ் பக்கம், மூச்சு 0.25 பக்கம், மேயர் அலை 0.1 பக்கம் இருக்கும். நம் டாஸ்க் எங்கே இருக்கிறது? ஒரு சுற்று 35 விநாடி என்றால் 1-ஐ 35-ஆல் வகுக்க வேண்டும்: 0.029 ஹெர்ட்ஸ். எம்என்இ பயிற்சியில் கீழ் எல்லை 0.05, மேல் எல்லை 0.7. அந்தப் பதிவின் 5 விநாடித் தட்டலுக்கு அது பொருந்தியது. நம் 35 விநாடிச் சுற்றுக்கு அதை அப்படியே ஒட்டினால், வேண்டாத அலைகளோடு சேர்த்து விடையையும் வெட்டி எறிந்துவிடுவோம். நமக்குக் கீழ் எல்லை 0.01 போதும். வெட்டி எடுக்கும் நேரத்தையும் அதேபோல நம் டாஸ்க்குக்குத் தகுந்தபடி நீட்டுங்கள். பயிற்சியில் தட்டலுக்கு 5 விநாடி முன்பிருந்து 15 விநாடி பின்பு வரை. நமக்குப் பின்பக்கம் 25 விநாடியாவது வேண்டும்.

இப்போது குறுஞ்சேனல். விரலைத் தட்டும்போது உடலும் கொஞ்சம் விழித்துக்கொள்கிறது. இதயம் சற்று வேகமெடுக்கும், தலைத்தோலில் ரத்தம் கூடும். நீளச் சேனலின் ஒளி போகும்போதும் வரும்போதும் அந்தத் தோலைக் கடந்தே ஆக வேண்டும். ஆகவே நாம் பார்ப்பது தோலும் மூளையும் கலந்த கலவை. தோலை மட்டும் பார்க்கும் குறுஞ்சேனலின் அசைவை நீளச் சேனலிலிருந்து கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் மூளைக்கு உரியது. கழிப்பதற்கு முன்னும் பின்னும் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு தலை முழுக்க எழுந்து நின்ற மேடு, பின்பு சி3-ஐச் சுற்றி மட்டும் ஒதுங்கும். நான் முதல் முறை இதைப் பார்த்தபோது அதுவரை சேர்த்து வைத்த படங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவற்றில் பல வெறும் தோல்.

படத்தை வாசிப்பது

வலது கை தட்டிய 10 சுற்றின் சராசரியைத் திறங்கள். சி3-ஐ ஒட்டிய சேனலில், தட்டத் தொடங்கி ஓரிரு விநாடியில் ஆக்சி ஏற ஆரம்பித்து, 6 விநாடி வாக்கில் உயரத்தை எட்டி, தட்டல் நிற்கும் வரை அங்கேயே தங்கி, பிறகு பத்துப் பன்னிரண்டு விநாடியில் இறங்கும். இறங்கும்போது அடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே போய் வருவதும் உண்டு. டீஆக்சி அதற்குக் கண்ணாடிப் பிம்பமாக, ஆனால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இறங்கும். சின்னதாக இருக்கிறதே என்று டீஆக்சியைப் புறக்கணிக்காதீர்கள். தோலின் ரத்த ஓட்டத்தால் எளிதில் கெடாதது அதுதான். ஆக்சி பெரிதாக ஏறி, டீஆக்சி அசையாமல் கிடந்தால் நான் சந்தேகப்படுவேன். இரண்டும் ஒரே திசையில் துள்ளினால் அநேகமாகத் தலை அசைந்திருக்கிறது. நோட்டைப் புரட்டுங்கள், அந்த நேரத்தில் ஒரு தும்மல் இருக்கும்.

இடது கையைத் தட்டியபோது இதே படம் சி4 பக்கம் வர வேண்டும். அதே பக்கத்திலும் கொஞ்சம் மேடு தெரிந்தால் பயப்படாதீர்கள். சிக்கலான வரிசையில் தட்டும்போதும், பழக்கமில்லாத கையால் தட்டும்போதும் இரண்டு பக்கமும் உழைப்பது இயற்கைதான். எதிர்ப்பக்கம் கூடுதலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நல்ல முறையில் எடுத்த பதிவிலும் சிலரிடம் தெளிவாக வராது. ஒருவரிடம் வரவில்லை என்றால் நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. ஐந்து பேரிடமும் வரவில்லை என்றால் தொப்பியிலிருந்து தொடங்கித் தேடுங்கள்.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரே எஃப்நிர்ஸ் தரவை 38 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, அவரவர் வழியில் கணக்கிடச் சொன்ன முயற்சி 2025-இல் வெளியானது. கெட்ட தரவை எப்படிக் கையாண்டார்கள், பதிலை எப்படி மாதிரியாக்கினார்கள், எந்தப் புள்ளியியல் முறையை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து விடைகள் மாறின. ஆகவே நீங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவையும், எண்ணோடு, எழுதி வைப்பது இந்தத் தொழிலின் பாதி.

விரல் படிந்த பிறகு

மேடு ஒழுங்காக வரத் தொடங்கியதும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். வேகத்தை விநாடிக்கு ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள், அப்புறம் மூன்றாக்கிப் பாருங்கள். ஒரு நாள் விரலுக்குப் பதில் கால் கட்டை விரலை அசைக்கச் சொல்லுங்கள். காலுக்கான பகுதி இரண்டு மூளைப் பாதிகளுக்கும் நடுவிலுள்ள பிளவுக்குள் இறங்கிக் கிடப்பதால் சி3-இல் ஒன்றும் தெரியாது, உச்சிப் பக்கமும் கஷ்டப்பட்டுத்தான் தெரியும். ஒளியால் எதைப் பார்க்க முடியாது என்பதைப் புத்தகத்தைவிட அந்தப் பதிவு நன்றாகச் சொல்லித் தரும். அதன் பிறகு விரலை அசைக்காமல், அசைப்பதாக நினைக்க மட்டும் சொல்லுங்கள். மேடு சிறுத்துவிடும், அந்தச் சிறிய மேட்டைப் பிடிக்க உங்கள் முடி விலக்கலும் குறுஞ்சேனலும் எவ்வளவு உதவுகின்றன என்று அங்கே தெரியும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலில் பதிவு செய்த அதே ஆளை ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்லுங்கள். பழைய குறிப்பைப் பார்க்காமல் தலையை மறுபடி அளந்து, தொப்பியை மறுபடி மாட்டி, அதே 20 சுற்றுகளை எடுங்கள். இரண்டு படங்களையும் ஒரே தாளில் அச்சடித்து மேஜைமேல் வையுங்கள்.